கடைக் கணக்கும் கம்ப்யூட்டரும்: கொள்முதலில் தொடங்குவோம்

மளிகைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் இன்று புதுமையல்ல. கல்லாவுக்குப் பக்கத்தில் சிறு திரை, கையில் பிடிக்கும் ஸ்கேனர், சுருள் காகிதத்தில் பில் அடிக்கும் பிரிண்டர் ஆகிய மூன்றும் பெரிய கிராமங்களின் கடைத்தெரு வரை வந்துவிட்டன. இவற்றை வாங்கி ஆறு மாதம் ஆன நண்பர் ஒருவரிடம், "இந்த நிமிடம் உங்கள் கடையில் சர்க்கரை எத்தனை கிலோ இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் திரையைப் பார்க்கமாட்டார். கடைப் பையனைக் குடோனுக்கு அனுப்பி மூட்டையை எண்ணச் சொல்வார். வற்புறுத்தித் திரையைப் பார்க்கச் சொன்னால், அதில் 'மைனஸ் 340 கிலோ' என்று இருக்கும்.

இல்லாத சரக்கை எப்படி விற்றோம்? இயந்திரத்தின் மேல் தவறில்லை. விற்றதையெல்லாம் அதற்குச் சொன்னோம், வாங்கியதைச் சொல்லவில்லை. பத்து கிலோ விற்றதாகச் சொன்னால் பத்தைக் கழிக்கும். ஏழு மூட்டை வந்து இறங்கியதை யாரும் சொல்லாவிட்டால் அது கழித்துக்கொண்டே போகும். இப்படிப்பட்ட கடையில் கம்ப்யூட்டர் என்பது விலை உயர்ந்த பில் புத்தகம், அவ்வளவுதான். பில் புத்தகத்துக்கு கரண்ட் வேண்டாம், ஆண்டுச் சந்தாவும் வேண்டாம்.

ஆகவே இந்தப் பாடத்தில் விற்பனையை விட்டுவிட்டுக் கொள்முதலில் தொடங்குகிறோம். சிறு கடையில் இயந்திரத்தால் வரும் லாபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கம்பியில் குத்திய பில்

கொள்முதல் ஏன் பதிவாவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. லைன் வண்டி வருவது காலை பதினொரு மணிக்கு. கவுண்டரில் ஆள் நிற்கிறது. சரக்கை இறக்கி, பெட்டியை எண்ணி, பில்லில் கையெழுத்துப் போட்டு, அந்தப் பில்லைக் கம்பியில் குத்துகிறோம். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். மாலையில் கூட்டம், இரவில் களைப்பு. மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வரும்போது கம்பியோடு கழற்றிக் கொடுத்து அனுப்புகிறோம்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் மருந்து கிடையாது, பழக்கத்தில்தான் உண்டு. பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை எல்லாக் கடைகளிலும் வியாபாரம் தணிந்திருக்கும். அந்த நேரத்தில் அன்றைய கொள்முதல் பில்கள் அத்தனையும் இயந்திரத்தில் ஏற வேண்டும். ஏறிய பில்லில் 'பதிவு' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பு இல்லாத பில்லின் சரக்கு அலமாரிக்குப் போகக்கூடாது. முதல் இரண்டு வாரம் இது பெரிய தொல்லையாக இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து நம் ஆட்களே ஸ்டாம்பைத் தேடுவார்கள்.

பதியும்போது பில்லில் உள்ள விலையை மட்டும் பதிந்தால் போதாது. ஒரு மூட்டைத் துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்காகவே, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டை, கிலோ ரூ. 120 வீதம் ரூ. 6,000. அரைக் கிலோ பாக்கெட் போட்டு ரூ. 64-க்கு விற்கிறோம். வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். மனக்கணக்கு என்ன சொல்லும்? கிலோ 120-க்கு வாங்கி 128-க்கு விற்கிறோம், கிலோவுக்கு 8 ரூபாய், மூட்டைக்கு 400 ரூபாய் லாபம் என்று சொல்லும்.

இப்போது நிஜக் கணக்கு. வண்டி வாடகை, இறக்குகூலி ரூ. 60. நூறு பாக்கெட்டுக்குக் கவர் ரூ. 50. ஆக அடக்கம் ரூ. 6,110. தூசி, சிந்தல், மூட்டையிலேயே இருந்த எடைக்குறைவு எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ போனால் மிஞ்சுவது 49.5 கிலோ, அதாவது 99 பாக்கெட். விற்றுவரவு ரூ. 6,336. லாபம் ரூ. 226.

இதோடு முடியவில்லை. பாக்கெட் போடும் பையன் தாராள மனதுக்காரன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 5 கிராம் கூடுதலாக விழுகிறது. 505 கிராம் வீதம் போட்டால் 98 பாக்கெட்தான் தேறும். விற்றுவரவு ரூ. 6,272. லாபம் ரூ. 162. மனதில் இருந்த 400 ரூபாய் எங்கே, கையில் நிற்கும் 162 எங்கே! அந்த 5 கிராம் மட்டும் மூட்டைக்கு 64 ரூபாயை, லாபத்தில் கால் பங்குக்கு மேல், எடுத்துக்கொண்டது. வாரம் நான்கு மூட்டை பாக்கெட் போடும் கடையில் இது ஆண்டுக்கு ரூ. 13,000-ஐத் தாண்டும். ஒரே ஒரு பருப்பில்!

ஆகவே கொள்முதல் பதிவில் வண்டி வாடகை, கூலி, கவர் ஆகியவற்றைச் சேர்த்து அடக்க விலை காணும் வசதி உள்ள சாப்ட்வேரையே வாங்க வேண்டும். அது இல்லாமல் திரையில் தெரியும் 'லாபம்' நம்மைச் சந்தோஷப்படுத்த மட்டுமே உதவும்.

கம்பெனிச் சரக்கில் வரும் ஸ்கீமையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பத்து டஜன் வாங்கினால் ஒரு டஜன் இலவசம் என்றால், பதினொரு டஜனுக்கும் சேர்த்து விலையைப் பங்கிட வேண்டும். இலவசத்தைப் பூஜ்ய விலையில் தனியாகப் பதிந்தால் ஒரு டஜனில் நூற்றுக்கு நூறு லாபமும் மீதியில் குறைந்த லாபமும் தெரியும், இரண்டும் பொய். இலவசத்தைப் பதியாமலே விட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒரு டஜன் கடையில் யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு. அது எப்போது, யார் கையில் போனது என்று கேட்க முடியாது.

கொள்முதலைத் தேதிவாரியாகப் பதிவதில் வரி சம்பந்தமான ஒரு பாதுகாப்பும் உண்டு. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் கடைக்காரர், வாங்கிய சரக்கில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்ற மொத்த வியாபாரி அந்தப் பில்லைத் தம் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இது சட்டத்திலேயே நிபந்தனை. நமக்கு மாதந்தோறும் வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி என்ற பட்டியலில் அந்தப் பில் இல்லையென்றால் வரிக்கழிவும் இல்லை. நம் கொள்முதல் பதிவு அன்றன்றே ஏறியிருந்தால், பட்டியல் வந்த அன்றே இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்காக மொத்த வியாபாரிக்குப் போன் போடலாம். பில் கம்பியில் இருந்தால் அந்த வரி நம் முதலிலிருந்து போகும், போனது தெரியவும் தெரியாது.

மொத்த வியாபாரம் செய்யும் நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் பில்லை நீங்கள் நேரத்தில் காட்டாவிட்டால் நஷ்டம் உங்கள் வாடிக்கைக் கடைக்காரருக்கு. அவர் அடுத்த மாதம் வேறு மண்டியைப் பார்ப்பார்.

தராசைப் பற்றி

மேலே கண்ட 5 கிராம் விஷயத்தில் பையனை மட்டும் குறை சொல்லக்கூடாது. பல கடைகளில் 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசு ஒன்றே எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. அதன் தகட்டைப் படித்துப் பாருங்கள். சாதாரணமாக 30 கிலோ தராசின் ஒரு படி 5 கிராம், நிறுக்கக்கூடிய குறைந்த அளவு 100 கிராம் என்று அதில் பொறித்திருக்கும். இந்தத் தராசில் 50 கிராம் ஏலக்காயோ மிளகோ நிறுப்பது தப்பு. 48 கிராமும் அதற்கு 50, 52 கிராமும் அதற்கு 50. ஏலக்காய் விற்கும் விலையில் இரண்டு கிராம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு கிராம் படி கொண்ட சிறு மேஜைத் தராசு ஒன்றை மசாலாச் சாமான்களுக்கென்று தனியே வைத்துக்கொள்வது நல்லது. பில் போடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாங்க வேண்டிய இயந்திரம் இதுதான் என்பது நம் கருத்து.

தராசுக்கு மேலே மின்விசிறி சுழலக்கூடாது. தராசின் மூலையிலுள்ள நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் நிற்க வேண்டும். கவர், டப்பா எடையைக் கழித்துவிட்டே நிறுக்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் ஆண்டுக்கொரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பழைய பழக்கத்தில் தராசுக்கும் இரண்டாண்டு என்று எண்ணி இருந்துவிடுபவர்கள் உண்டு.

ஒரு பருப்புக்கு இரண்டு எண்

சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்ற பாக்கெட் சரக்குக்குப் பார்கோடு கம்பெனியிலேயே அச்சடித்து வருகிறது. 890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவு செய்து வாங்கியது என்று அர்த்தம். சரக்கு இந்தியாவில் செய்ததா என்பதை அது சொல்லாது. 1974 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து டிராய் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாகக் கோடு காட்டி விற்றார்கள். ஆனால் நம் மளிகைக் கடையில் பாதிக்கு மேல் கோடு இல்லாத சரக்கு. வெல்லம், புளி, மிளகாய், கடலை, அரிசி எல்லாம் நிறுத்துக் கொடுப்பவை. இவற்றுக்கு நாமேதான் எண் கொடுக்க வேண்டும்.

இரண்டு விதி போதும். எண் மூன்று இலக்கத்துக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் பையனுக்கு மனப்பாடம் ஆகும். பருப்பெல்லாம் நூறுகளில், அரிசியெல்லாம் இருநூறுகளில் என்று இனவாரியாக இருக்க வேண்டும். பெயரை ஒரே ஒருவர் மட்டுமே பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் 'து.பருப்பு' என்பார், இன்னொருவர் 'துவரம் பருப்பு' என்பார், மூன்றாமவர் 'பருப்பு துவரை' என்பார். ஒரே மூட்டைக்கு மூன்று இருப்பு காட்டும், மூன்றும் தப்பாக இருக்கும்.

ஒரே பருப்புக்குக் கட்டாயம் இரண்டு எண் வேண்டிய இடமும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசி, மாவு ஆகியவற்றுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வாடிக்கையாளர் முன்னால் மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கு வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை கடைகளுக்கு வந்ததன் ரகசியமும் இதுதான். ஆகவே சில்லறைப் பருப்பு ஒரு எண், பாக்கெட் பருப்பு ஒரு எண். மூட்டையிலிருந்து பாக்கெட் போட்ட அன்று, முதல் எண்ணில் 50 கிலோ கழித்து இரண்டாவது எண்ணில் 99 பாக்கெட் வரவு வைக்க வேண்டும். மீதி அரைக் கிலோ 'கழிவு' என்று எழுதப்பட வேண்டும். கழிவு அரைக் கிலோவா இரண்டு கிலோவா என்பது அப்போதுதான் நம் கண்ணில் படும்.

எண் ஒழுங்காக இருந்த கடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 நல்ல பரீட்சையாக அமைந்தது. அன்று ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், குளியல் சோப்பு, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கும், வெண்ணெய், நெய் ஆகியவை 12-லிருந்து 5-க்கும் இறங்கின. இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த கடையில் முந்தின இரவு ஒரு மணி நேர வேலை. பிரிக்காத கடையில் ஒவ்வொரு சரக்காகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

எடுத்தவுடன் ஆயிரத்து இருநூறு சரக்கையும் பதிய முயன்று பாதியில் கைவிடுவதைவிட, அதிகம் விற்கும் இருநூறு சரக்கை முதலில் பதிவது உத்தமம். மற்றவற்றை 'இதர' என்று ஒரு எண்ணில் விற்றுக்கொண்டே, அன்றாடம் பத்துப் பத்தாகச் சேர்க்கலாம்.

இருபது சரக்கு எண்ணுவது

ஆண்டுக்கொரு முறை மார்ச் 31 இரவில் கடையை மூடி இருப்பு எடுப்பது நம் வழக்கம். எடுத்த இருப்புக்கும் கணக்கில் உள்ள இருப்புக்கும் வித்தியாசம் வந்தால், அது எந்த மாதத்தில் வந்த வித்தியாசம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதற்குப் பதில் நாள்தோறும் இருபது சரக்கை மட்டும் எண்ணி, திரையில் உள்ள இருப்போடு ஒப்பிடுங்கள். கடை திறந்தவுடன் இருபது நிமிட வேலை. ஆயிரத்து இருநூறு சரக்கு உள்ள கடையில் அறுபது நாளுக்கொரு முறை முழுக் கடையும் எண்ணி முடிந்துவிடும். நெய், ஏலக்காய், முந்திரி, பேட்டரி, சாக்லேட், ரேசர் பிளேடு போன்ற சிறியதும் விலை கூடியதுமானவற்றை வாரமொரு முறை எண்ணுவது நல்லது.

வித்தியாசம் வந்தால் உடனே பையனைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் கொள்முதல் பதிவைப் பாருங்கள். அடுத்து ஒரே பெயரில் இரண்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக 'ரத்து செய்த பில்' பட்டியலைப் பாருங்கள். பில் ரத்து செய்யும் அதிகாரம் முதலாளியின் ரகசிய எண்ணுக்கு மட்டுமே இருக்க வேண்டும். அது எல்லோருக்கும் திறந்திருந்தால், பணம் வாங்கிய பிறகு பில்லை ரத்து செய்வது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனையே. நல்ல வேலைக்காரருக்கும் இது ஒரு பாதுகாப்பு, அவர்மேல் வீண்பழி விழாது.

இருப்பு சரியாகிவிட்டால், 'தொண்ணூறு நாளாக நகராத சரக்கு' என்ற பட்டியலைக் கேளுங்கள். கடைக்காரர் பலருக்கு முதல்முறை இது அதிர்ச்சி தரும். ஒரு கணக்கு: மாதம் அடக்க விலையில் 5 லட்சம் ரூபாய்க்கு விற்கும் கடையில் 5 லட்சம் சரக்கு இருக்கிறது. நகராதவற்றைத் தள்ளுபடியில் கழித்துவிட்டு, மறுபடி வாங்காமல், 4 லட்சம் சரக்கிலேயே அதே விற்பனையைச் செய்ய முடிந்தால் ஒரு லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. அந்த ஒரு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 ரூபாய் வட்டி மிச்சம். வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் வந்த லாபம் இது.

கெடும் தேதியையும் கொள்முதலிலேயே பதிந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே பட்டியல் வரும். கம்பெனி ஆள் திருப்பி எடுத்துக்கொள்வாரா மாட்டாரா என்று பேசுவதற்கு அவகாசம் இருக்கும். தேதி முடிந்தபின் பேசினால் அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

பெட்டி பேசுகிறது, கணக்கு பேசுகிறதா?

யு.பி.ஐ. 2016-ல் வந்தது. இன்று கடலை மிட்டாய் வாங்கும் பிள்ளையும் போனில் பணம் போடுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கமிஷன் இல்லை. சில்லறைத் தொல்லை குறைந்தது, கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. எல்லாம் சரி. ஆனால் கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை இரவு எண்ணும் நாம், போனில் வந்த பணத்தை எண்ணுகிறோமா?

கடை மூடும்போது மூன்று தொகை தனித்தனியே தெரிய வேண்டும்: ரொக்கம், யு.பி.ஐ., கடன். பில் போடும்போதே எது என்று குறிக்க வேண்டும். இரவில் கம்ப்யூட்டரில் உள்ள யு.பி.ஐ. மொத்தமும் போனில் உள்ள மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். தினமும் பார்த்தால் 85 ரூபாய் வித்தியாசத்தை நினைவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மாதக் கடைசியில் பார்த்தால் 4,000 ரூபாய் வித்தியாசத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

வாடிக்கையாளர் தம் போன் திரையைக் காட்டுவது பணம் வந்ததற்குச் சாட்சி ஆகாது. பணம் போனதுபோல் திரை காட்டும் போலி ஆப்கள் உள்ளன. நம் பெட்டி சத்தமிட வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும். காலையில் கடை திறந்ததும் க்யூ.ஆர். அட்டையை ஒரு முறை நாமே ஸ்கேன் செய்து, பெயர் நம் பெயர்தானா என்று பாருங்கள். அதன்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பணம் பெறுவதற்கு நாம் ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. 'பணம் அனுப்புகிறேன், உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் வருவது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறையினர் யு.பி.ஐ. வரவை வைத்து, பதிவு செய்யாத சிறு வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை, பால் கடை எல்லாம் அதில் அடக்கம். 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்று கடைகளில் அட்டை தொங்கியது. வரி இல்லாத பொருளை மட்டுமே விற்பவர் வரி கட்ட வேண்டியதில்லை என்று பிறகு அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. ஆனாலும் நோட்டீஸ் வந்தவர் கையில் கணக்கு இருந்ததா என்பதே கேள்வி. மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று, சீட்டுப் பணம், மகன் வெளியூரிலிருந்து அனுப்பிய பணம் எல்லாம் கடை க்யூ.ஆர். வழியாக வந்திருந்தால், அது விற்பனையல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் நாம்தான்.

பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு செய்யும் எல்லை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் சுமார் 10,960 ரூபாய். ஓரளவு ஓடும் மளிகைக் கடைக்கு இது பெரிய தொகை அல்ல. வரி இல்லாத அரிசியும் வரி உள்ள சோப்பும் சேர்த்து விற்கும் கடையில், எல்லையைப் பார்க்கும்போது இரண்டும் கூட்டித்தான் பார்க்கப்படும். 'என் கடையில் முக்கால்வாசி அரிசி' என்ற சமாதானம் அங்கே செல்லாது. எல்லையைத் தாண்டியவருக்கு 1.5 கோடி ரூபாய் வரை 1 சதவீதத் தொகுப்பு வரி முறை இருக்கிறது. அதில் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக்கூடாது, சாப்ட்வேரில் அதற்கேற்ற பில் வடிவத்தை ஆரம்பத்திலேயே அமைத்துவிட வேண்டும். தனி நடப்புக் கணக்கு, கடை பெயரில் தனி க்யூ.ஆர். ஆகிய இரண்டையும் யு.பி.ஐ. வாங்கும் எல்லோரும் இந்த மாதமே செய்துவிடலாம்.

கடன் நோட்டு

கடன் நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் நன்மை உண்டு. யார், எவ்வளவு, எத்தனை நாளாக என்பது வரிசையாகத் தெரியும். முப்பது நாளைத் தாண்டியது தனி, தொண்ணூறைத் தாண்டியது தனி. கடன் கொடுக்கும்போதே தொகையும் மொத்தப் பாக்கியும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போனால், பிறகு 'நான் இதை வாங்கவே இல்லையே' என்ற பேச்சு வராது.

ஆனால் பாக்கி கேட்கும் வேலையை இயந்திரத்திடம் விட வேண்டாம் என்பது நம் யோசனை. இருபது வருஷமாக வரும் வாடிக்கையாளருக்கு, அவர் வீட்டில் கல்யாணமோ சாவோ நடக்கும் வாரத்தில், 'தங்கள் நிலுவைத் தொகையை உடனே செலுத்தவும்' என்று தானாக ஒரு செய்தி போனால் பாக்கி வரலாம், ஆள் வரமாட்டார். பட்டியலை இயந்திரம் எடுக்கட்டும், கேட்பது நம் வாயால் இருக்கட்டும். மொத்த வியாபாரிகள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். தவணை குறிப்பிடாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. கம்ப்யூட்டர் பட்டியல் மட்டும் கையெழுத்து ஆகாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

எந்தக் கம்பெனி சாப்ட்வேர் நல்லது என்று இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. விற்க வருபவரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாதபோது பில் போட முடியுமா? அடுத்த ஆண்டுச் சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் என் பழைய கணக்கைத் திறக்க முடியுமா? கணக்கு முழுவதையும் எக்ஸெல் பட்டியலாக நானே எடுத்துக்கொள்ள முடியுமா? கோளாறு வந்தால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்? கடைசி இரண்டுக்கும் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். நம் கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும், சாவியும் அவரிடமே இருக்கும் என்பதே அந்த மழுப்பலின் பொருள்.

சுருள் காகிதப் பில் சில மாதங்களில் மங்கி வெள்ளைக் காகிதமாகிவிடும். நம் மொத்த வியாபாரிகளில் பலர் அதில்தான் பில் கொடுக்கிறார்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே கொள்முதல் பில் கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுத்து, மாதவாரியாகச் சேமிப்பது கட்டாயம்.

வாரம் ஒரு முறையாவது கணக்கின் நகலை இரண்டு பென்டிரைவில் மாற்றி மாற்றி எடுத்து, ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்தபோது சரக்கோடு கணக்கும் நனைந்தது. இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும், வெள்ளத்துக்கு முந்தின நாள் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று காட்டத்தான் வேண்டும். கடைக்கு வெளியே இருக்கும் இருப்புப் பட்டியல்தான் அதற்கு வழி. அந்தப் பட்டியல் 'மைனஸ் 340 கிலோ' என்று காட்டினால் எந்த சர்வேயரும் ஏற்கமாட்டார்.

தொடங்கும் நாளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கணக்காண்டு தொடங்கும் ஏப்ரல் 1 மிகவும் வசதி, முந்தின இரவு எடுத்த இருப்பே தொடக்க இருப்பாகிவிடும். அதைத் தவறவிட்டால் வியாபாரம் மந்தமான ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின ஆறு வாரத்தில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம். முதல் மாதம் முழுவதும் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும்.